பெற்றோர் கையொப்பம்

நாலு மாசமாய்
எங்கட வீட்டில் நான்தான் தபால்.
"அவனைச் சாப்பிடச் சொல்லு."
"பிறகு சாப்பிடுறன் எண்டு சொல்லு."
ஒரே மேசை. இரண்டு முழத் தூரம்.
கணிதத்தை விட்டுக் கலைப்பிரிவுக்கு மாறினான் அண்ணா.
அண்டைக்கு அடைச்ச வாய்கள்.

கார்த்திகை மழை மூண்டாம் நாளும் விடவில்லை.
நாவாந்துறையில் வீடுகளுக்குள்ள கடல்.
பள்ளிக்கூட மண்டபத்தில் நூற்றுப்பத்துக் குடும்பம்.
தொண்டர்கள் தேவையாம்,
பதினாறுக்கு மேல், பெற்றோர் கையொப்பத்தோடு.

படிவத்தை என்னட்டத் தந்தான்
ஏதோ கரண்ட் பில் போல.

அவன் பெரிய இரக்கக்காரன் எண்டில்லை.
தன்ர கோப்பையைத் தானே கழுவி நான் பார்த்ததில்லை.
மழை நாள் முழுக்க
அப்பாவோட ஒரே கூரைக்குக் கீழ இருக்கிறதை விட
வெள்ளம் பரவாயில்லை எண்டு நினைச்சிருப்பான்.

அப்பா கண்ணாடி தேடி எடுத்து
இரண்டு தரம் வாசித்தார்.
பின்பக்கத்தையும் திருப்பினார். அங்க ஒண்டுமில்லை.
"ராவும் நிக்க வேணுமோ எண்டு கேள்."
கேட்டேன். "ஓம்."
"ஓமாம்."
பேனை எழுதவில்லை.
பேப்பர் மூலையில் கிறுக்கிக் கிறுக்கி மை வரப்பண்ணி
முழுப்பெயரும் எழுதினார், நவரட்ணம் சிவபாதம்,
வங்கிக்கு எழுதுறது போல.

விடிய, அண்ணாவின்ர சைக்கிள் கரியரில்
அம்மா கட்டின புட்டுப் பொதி.
அதுக்குக் கீழ அப்பாவின்ர மழைக்கோட்டு.
மின்சாரசபையில் இருக்கேக்க குடுத்தது,
எங்களைத் தொட விடாதது.

மூண்டாம் நாள் இரவு வந்தான்.
குரல் அடைச்சு, தலை சொட்டச் சொட்ட,
நகத்துக்குள்ள கிடாரக் கரி.
மழைக்கோட்டு இல்லை.

நான் வாய் திறக்க முதல்
அப்பாவே கேட்டார், அவனைப் பார்த்து:
"ஆருக்குக் குடுத்தனி?"

"பால்மா வாங்கப் போன ஒராளுக்கு.
பெயர் கேக்கேல்லை."

"அளவாய் இருந்ததோ?"

"கொஞ்சம் பெரிசு."

அவ்வளவுதான்.
அப்பா எழும்பிப் போய்த் துவாய் எடுத்து
ஈரமோ எண்டு கன்னத்தில் வைச்சுப் பார்த்து
கதிரைச் சட்டத்தில் போட்டார்.

எனக்கு வேலை போச்சுது.

அந்த இரவே அண்ணாவின்ர பையைக் கிளறி
மிஞ்சின படிவம் ஒண்டு எடுத்தேன்.
வயது பதினாலு.
நாலை அழிச்சு ஆறாக்கலாம்.
கீழ, புள்ளிக்கோடு போட்ட அந்த இடத்தை மட்டும்
ஒண்டும் செய்யேலாது.
அதுக்கு நானே
அவருக்கு முன்னால போய் நிக்க வேணும்.