முந்நூற்று நாற்பது

விலங்கியல் படிப்பவள் காட்டுக்குத்தான் போவாள் என்று
எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள்.
நானும்தான்.

முதல் வாரம் சைப்ரஸ் மரத்தடியில் மேசை போட்டு
மன்றங்களுக்குப் பேர் பிடித்தார்கள்.
ரத்ததான மன்றத்தில் சேர்ந்தேன்.
மூன்றாவது ஆள் கை நீட்டும்போதே
பெஞ்சில் படுத்துக் கிடந்தேன்,
கொடுத்தவர்களுக்கு வைத்திருந்த ஜூஸை எனக்குக் கொடுத்தார்கள்.
பேச்சு மன்றத்தில் "அவையோர்க்கு வணக்கம்" வரை வந்தேன்.
அதற்கப்புறம் வெறும் மூடுபனி.
நாட்டு நலப்பணியில் ஒரு சனிக்கிழமை முழுக்கச்
சீகைக் கன்று பிடுங்கினோம்.
அடுத்த மழைக்கு அதே சரிவில் அதே கன்றுகள்,
எங்களைத் தெரியாதது மாதிரி.

இயற்கை மன்றக் கூட்டத்துக்குத் தாமதமாகப் போனேன்.
மஞ்சூர் பஸ் பிரேக்டவுன்.
வராதவளைப் பொருளாளர் ஆக்கியிருந்தார்கள்.
தலைவன் ஹாலன் ஒரு பிஸ்கட் டப்பாவை நீட்டினான்,
உள்ளே ஆறாயிரத்து இருநூறு ரூபாய்,
ஒரு ரப்பர் பேண்ட்.

அவலாஞ்சிக்குப் போனோம். எட்டுப் பேர், ஒரு டிரைவர்.
சோலை ஓரத்தில் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு
பைனாகுலரைக் கை மாற்றினார்கள்.
என் முறை வந்தது.
சிரிப்பான் கிளையில் உட்கார்ந்து கண்மை இட்டதுபோல் பார்த்தது.
அழகுதான்.
ஆனால் என் கை
ஸ்வெட்டருக்குள் இருந்த டப்பாவைத் தொட்டுப் பார்த்தது.
ஜெனிட்டா அழுதேவிட்டாள், அந்தப் பறவையைப் பார்த்து.
அவளுக்கு அது. எனக்கு இது என்று
அப்போது தெரியவில்லை,
பொறாமையாக மட்டும் இருந்தது.

விடுதிக்கு வந்து கணக்குப் போட்டேன்.
முந்நூற்று நாற்பது ரூபாய் இடித்தது.

திருடவில்லை என்று எனக்குத் தெரியும்.
அது யாருக்கும் தெரிய வேண்டாமா?
இரண்டு காலுறை, தலையில் மஃப்ளர்,
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
பில்களைக் கட்டில் முழுக்கப் பரப்பினேன்.
வனத்துறை அனுமதி, டீசல், வாழைப்பழம்,
யாரோ கேட்டு வாங்கிய தலைவலி மாத்திரை.
கூட்டினேன். கீழிருந்து மேலே கூட்டினேன்.
டிரைவர் பஷீர் அண்ணனைப் பதினொன்றரைக்கு எழுப்பினேன்.
"முத்தோரைக்கு முன்னாடி டயர் போச்சே, பாப்பா,
உங்க பையன்தான் எதிலயோ எழுதினான்" என்றார்.

எதில்?
ஒன்றே முக்காலுக்குக் கிடைத்தது,
பறவைப் பட்டியலின் இரண்டாம் பக்கத்தில்,
ஹாலனின் கோழிக்கிறுக்கலில்:

நீலகிரி ஈப்பிடிப்பான் – 2
நெட்டைக்காலி – 1
பஞ்சர் – 250
டீ – 90
காட்டுக்கோழி (சத்தம் மட்டும்)

இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
கடைசி வரியில் ஒரே எண்ணாக வந்து நின்றன.
நான் சிரித்த சத்தத்தில் அடுத்த அறை சுவரைத் தட்டியது.
மூன்று வருஷப் பாடத்தில்
எந்த உயிரும் எனக்கு இப்படி அசையவில்லை.

ஆண்டுக் கூட்டத்தில் வரவு செலவு வாசித்தேன்.
யாரும் கேட்கவில்லை. சன்னல் வழியே பனி வந்து
முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டது.
குரல் நடுங்கவில்லை, அதுதான் வேடிக்கை.
பேச்சு மன்றத்துக்காரர்கள் யாராவது பார்த்திருக்கலாம்.

வேலைவாய்ப்புப் பிரிவில் ஒரு படிவம்:
உங்கள் இலட்சியம்.
'வனவிலங்கு ஆராய்ச்சி' என்று பழக்கத்தில் எழுதிவிட்டு
அடிக்காமல் அப்படியே மடித்துப் பையில் வைத்தேன்.
இன்னும் இருக்கிறது.

சேரிங் கிராஸில், பேக்கரிக்கு மேல் மாடியில்
ஆடிட்டர் அலுவலகம்.
மே மாதத்துக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டேன்.
"பி.காமா?"
"விலங்கியல்."
அங்கிருந்த மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்,
சீசனில்லாத மாதத்தில் வழி தவறி வந்த
ஒரு பறவையைப் பார்ப்பதுபோல்.
நான் பறக்கவில்லை.
பையைத் திறந்து அந்தப் பட்டியலை எடுத்து
மேசைமேல் வைத்தேன்,
பஞ்சர் இருக்கும் பக்கம் மேலே தெரிய.