பேர் கடைசியில்

விசா வரவில்லை, ஒத்திகை வந்துவிட்டது.
திருநெல்வேலி வளாகத்தின் மூன்றாம் மாடியில்
ஒரு பக்கம் மட்டும் திரும்புகிற மின்விசிறிக்குக் கீழே
ஒன்பது பேர்.

நியூசிலாந்தில், மாவோரிகளின் முற்றத்தில்,
முதலில் உன் மலையைச் சொல்ல வேண்டுமாம்.
பிறகு உன் ஆறு.
பிறகு, முன்னோரைக் கொண்டுவந்த வள்ளம்.
பேர் கடைசியில்தான்.
மிஸ் வாசித்து முடிக்க முன்னமே டிலக்சன் கையை உயர்த்தினான்:
"மிஸ், எங்களுக்கு மலை எங்கை கிடக்கு?"

கீரிமலை, என்றாள் ஒருத்தி.
அது பேரில் மட்டும் மலை. போனால்
படியிறங்கிக் குளிக்கலாம்.
புவியியல் படிக்கிற கஜவதனி சொன்னாள்:
குடாநாட்டின் சமவுயரக் கோடுகளை எண்ண
ஒரு கை விரல் மிச்சம்.
யன்னலால் பார்த்தோம்.
எங்களைவிட உயரமாய் நின்றது
தொலைபேசிக் கோபுரம் ஒன்றுதான்.

சரி, ஆறு?
வழுக்கையாறு. மாரியில் மட்டும் ஓடும்.
"நாங்கள் போறது யூலையில."
சிரித்தோம்.
அப்ப கிணறு என்று எழுதுங்கோ, என்றார் மிஸ்.
எட்டுப் பேனைகள் அசைந்தன.
ஜெனுசியா மூடியைக் கழற்றவேயில்லை.
"எந்தக் கிணறு மிஸ்?
எங்கட ஆக்களை வாளி போட விடாத கிணறோ?"

மின்விசிறி போய்த் திரும்பி வந்தது.
மிஸ் வெண்பலகையில் கிணற்றை அழித்தார்.
பழைய பேனை. 'கி' போகவில்லை.

வள்ளத்துக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை.
கடைசி வாங்கிலிருந்து நிக்சன் மெதுவாய்,
"நான் வள்ளத்தில போனனான் மிஸ்.
பேசாலையில இருந்து. நாலு வயசு.
இருபத்தொரு பேர். இந்தியாப் பக்கம்
மணல்திட்டில இறக்கிப்போட்டுத் திரும்பீட்டாங்கள்.
விடியும்வரை அதிலதான் நிண்டம்."

அது கொண்டுவந்ததா, கொண்டுபோனதா
என்று யாரும் கேட்கவில்லை.
"வள்ளத்தின்ர பேர்?" என்றாள் கஜவதனி,
படிவத்தில் அதற்கொரு கட்டம் இருந்ததால்.

"பேருக்கு மேல தார் பூசியிருந்தவை."

விசாப் படிவத்துக்கு ஒழுங்கு வேறு.
அங்கே பேர்தான் முதல்.
பிறகு பிறந்த இடம், வங்கி மீதி, பொலிஸ் அறிக்கை.
மலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.
பதினேழாவது கேள்வி:
வேறு நாடெதிலும் வாழ்ந்ததுண்டா?

நிக்சன் பேனையைக் கட்டத்தின்மேல் பிடித்தபடி
நிமிர்ந்து பார்த்தான்.
"முகாமில இருந்தது
வாழ்ந்ததுக்குள்ள வருமோ, மிஸ்?"