நிகர எடை

பகாவ் பஸ் நிலையத்துக்கு எதிரே
காப்பிக்கடை மாடியில்
மேகி லிம் ஐந்து ஊர்களை மேசையில் பரப்பினாள்,
பாசாரில் மீனைப் புரட்டிக் காட்டுவதுபோல்.
கூட்டுறவுச் சங்கக் குலுக்கலில் எங்கள் எண் விழுந்திருந்தது:
ஐரோப்பாவில் ஒரு நகரம், இரண்டு பேர்.
மலேசிய தினம் திங்களில் வருகிறது.
வெள்ளிக்கு மேனேஜர் மனம் வைத்தால் நான்கு நாள்.

நான் செம்பனை ஆலையில் எடைப்பாலக் கிளார்க்.
குலையோடு வரும் லாரிக்கு ஒரு எடை,
கொட்டிவிட்டுப் போகையில் ஒரு எடை.
இரண்டுக்கும் நடுவில் இருப்பதே கணக்கு.
மற்றது இரும்பு.

கைப்பையில் கிடந்த ரசீதின் முதுகில் எழுதினேன்:
மொத்தம் தொண்ணூற்றாறு மணி.
கழிக்க, சிரம்பான் சாலை.
போக வர ஆகாயம்.
நடுவழியில் நாற்காலித் தூக்கம்.
நாகேந்திரன் பெல்ட்டைக் கழற்றி, திரும்ப மாட்டும் நேரம்.
நிகரம் நாற்பத்தேழு.
போகையில் ஆறு மணி நேரம் கூடத் தந்து
வருகையில் பிடுங்கிக்கொள்வார்களாம்.
வட்டியில்லாத கடன் என்று
எங்களுக்கு வாய்த்தது அது ஒன்றுதான்.

அவருக்கு லியூப்லியானா பிடித்துப்போனது.
ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாது.
பெயர் வாயில் உருளுகிறதாம்,
ரம்புத்தான் கொட்டை மாதிரி.
அதற்கு இன்னொரு விமானம், இன்னொரு ஐந்து மணி.
"இரும்பு ஏறுது," என்றேன்.

லிஸ்பன் முழுக்க மேடு, அவர் முட்டிக்கு ஆகாது.
ரோம் வேண்டாம்.
பார்க்காமல் விட்டதையே எண்ணிக்கொண்டு
பகாவ் வரை வரவேண்டும்.
வியன்னா படத்தில்
புறாக்கள்கூட இஸ்திரி போட்டிருந்தன.

"உனக்கு என்னதான் வேணும்?" என்றார்.

நாளெல்லாம் ஒரு பாலத்தைக் காவல் காக்கிறவள் நான்.
அதன் கீழே ஆறு இல்லை.
ஆறு ஓடும் பாலத்தில் நின்று
இரண்டு கரையையும் பார்க்க வேண்டும்.
மூன்றாம் நாள் காலையில் ஒரு ரொட்டிக்கடைக்காரி
நேற்றும் வந்தவள்தானே என்பதுபோல் நிமிர வேண்டும்.
அப்புறம் இந்த முடி.
ஆலை கொதிக்கும் எண்ணெய் வாடை இல்லாத காற்றில்
இது என்ன மணக்கும் என்று
எனக்கே தெரியாது.
இதை மேகி லிம்முக்கு மலாயில் சொல்ல வரவில்லை.
பாலம் மட்டும் சொன்னேன்.

ஐந்தாவது படத்தைத் தள்ளினாள்: புடாபெஸ்ட்.
"ஒரு கரை குன்று, மறு கரை சமம்."
நாகேந்திரன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
வெகுநேரம் பார்த்தார்.
"நீ அந்தப் பக்கம் ஏறு.
நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து கை காட்டுறேன்."
"அவ்வளவு தூரத்தில் தெரியுமா?"
"சிவப்புச் சட்டை போடுறேன்."

ரசீதிலேயே ஊரை எழுதி, தேதி போட்டு,
மேகி லிம்மிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

புதன்கிழமை கணக்குப் பிரிவில்
ஒரு லாரிக் குலை குறைந்தது.
பதினெட்டாயிரத்து முந்நூற்று நாற்பது கிலோ,
ரசீதைக் காணோம்.
மேசையடி, இழுப்பறை, குப்பைத்தொட்டி எல்லாம் கவிழ்த்தார்கள்.
நானும் கூடவே குனிந்து தேடினேன்.