ஏழாம் மேசை

ஸ்வான்சீ ஓட்டல், காப்பீட்டுக் கம்பெனி விருந்து.
எண்ணூறு பவுண்டு, பெட்ரோல் தனி.
இதெல் ப்ரோசர் எழுகிறார்,
காலிஃப்ளவராய்ச் சுருண்ட இடது காதோடு.
பதினோரு ஆண்டு வேல்ஸுக்காகக் குனிந்து
புல்லையும் பிறர் பூட்ஸையுமே பார்த்த கண்ணுக்கு
முந்நூறு முகங்கள் இன்னும் கூச்சம்.

வாழ்நாளில் அவர் போட்டது ஒரே டிரை.
பேச்சுக்குப் பேச்சு அந்த ஓட்டம் நீளும்:
போன வருடம் பத்து மீட்டர்,
ஈஸ்டருக்கு முப்பது,
மழையும் சேர்ந்துகொண்டது.

இன்று ஏழாம் மேசையில் டெல்வின்,
அன்று பந்தைக் கையில் திணித்தவர்.
புட்டிங்கைத் தொடவில்லை.

மைக்கை மாற்றிப் பிடிக்கிறார்.
"இரண்டு மீட்டர். ஓடவில்லை, விழுந்தேன்.
கோடு எனக்கு அடியில் இருந்தது."

எவரும் சிரிக்கவில்லை.
எங்கோ ஒரு கரண்டி தட்டில் இடறுகிறது.

முழங்காலைப் பிடித்தபடி
டெல்வின் எழுகிறார்:
"பொய். ஒன்றரை."