இடது காது

லிபோவாட்ஸ் தபால் நிலையத்தில்
மூன்றாம் சன்னல் என்னுடையது.
ஆண்டு முழுக்க ஈரப்பஞ்சில் விரல் தொட்டுத்
தபால்தலை ஒட்டுகிறேன்.
ஆகஸ்டில் ஒருநாள் மட்டும்
வேறொன்றை ஒட்டுவேன்,
வேறொன்றின்மேல்.

விடிந்ததுமே தொடங்கிவிடுகிறது.
பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குழு,
தேவாலயப் படியில் இன்னொன்று,
ஒரே நேரத்தில் ஒட்டாத இரண்டு பாட்டு.
நடுவில் நிற்பவர் பாடு திண்டாட்டம் என்பார்கள்.
எனக்கில்லை.
ஏழு வயதில் வந்த காய்ச்சல்
போகும்போது இடது காதை எடுத்துக்கொண்டு போனது.
ஆகவே வலது காதை எந்தப் பக்கம் திருப்புகிறேனோ
அந்தப் பாட்டுதான் ஊரில் நடக்கிறது.

மண்பானைகளில் முட்டைக்கோசும் பன்றிக்கொழுப்பும்
நேற்றிரவிலிருந்து கொதிக்கின்றன.
கயிற்றில் தொங்கும் சிவப்பு ரொட்டி இதயங்கள்,
ஒவ்வொன்றின் நடுவிலும்
கட்டைவிரல் நகமளவு கண்ணாடி.
ஒன்று வாங்கினேன்.
யாருக்கு என்றாள் கடைக்காரி.
சில்லறையை எண்ணு என்றேன்.

எல்லாரும் ட்ரம்பெட் பக்கம் முண்டுகிறார்கள்.
நான் பெரிய முரசுக்குப் பக்கத்தில்.
முரசு காதைத் தேடி வருவதில்லை.
தொப்புளுக்கு நாலு விரல் மேலே
நேராக இறங்கி,
காலித் தபால்பையை உதறுவதுபோல்
ஓர் உதறு.
எதுவும் விழவில்லை.
மறுபடி உதறு.

கோலோ வளையத்தில் கை கோத்தோம்.
வலப்பக்கத்துக் கை தர்பூசணிப் பிசுபிசுப்பு.
இடப்பக்கத்துக்காரன்
மூன்று சுற்றும் ஏதோ சொல்லிக்கொண்டே ஆடினான்.
உதட்டைப் பார்க்கத் திரும்பினால் கால் பிசகும்.
ஆமாம், என்றேன் பொதுவாக.
எதற்கு ஆமாமோ,
ஆள் வெட்கப்பட்டுச் சிவந்துபோனான்.

இருட்டும்போது டெமிரான் வந்தான்
மேசை மேசையாக,
பின்னால் எட்டுப் பித்தளை வாய்கள்.
காதோடு காதாக ட்ரம்பெட்டை வைத்து ஊதுவது
எங்கள் பக்கத்து மரியாதை.
வைத்தான்.
இடது காதில்.

மறுகாதைக் காட்டியிருக்கலாம்.
விஷயம் தெரிந்த மிலுன்கா கை தூக்கினாள்;
மேசைக்கடியில் அவள் காலை மிதித்தேன்.

ஏனென்றால் காற்று வந்தது.
வெதுவெதுவென்று,
பித்தளை வாசம், எச்சில், பிளம் சாராயம் எல்லாம் கலந்து
சுரத்துக்கு ஒரு தள்ளல்.
குட்டைச் சுரங்கள் குத்திக் குத்திப் போயின.
நீளமான ஒன்று
என் கழுத்து மயிரை ஒருபக்கமாய்ச் சாய்த்து
அப்படியே பிடித்து வைத்திருந்தது,
அவனுக்கு மூச்சு எங்கிருந்து வந்ததோ.
வலது காதுக்கும் பாட்டு வந்தது,
கூடாரத் துணியில் பட்டுத் திரும்பி,
ஊருக்கெல்லாம் போனதில் மிச்சம்.
இடது பக்கம் வந்தது எனக்கே எனக்கு:
நாற்பது வருடம் பூட்டிய வீடென்று தெரியாமல்
யாரோ கதவிடுக்கில்
கடிதம் மேல் கடிதமாகத்
தள்ளிக்கொண்டிருக்கிறார்கள்.

கண் கரித்தது.
புகை என்று சொல்ல
வசதியாகப் புகையும் இருந்தது.

ஆயிரம் தினார் நோட்டை எடுத்தேன்.
அவன் நெற்றி ஊறிக் கிடந்தது,
பஞ்சுக்கு வேலையில்லை.
ஒட்டினேன்.
மூலைகள் தூக்காதபடி கட்டைவிரலால் ஓர் அழுத்து,
தொழில் பழக்கம்.
"விழாது, போ" என்றேன்.
போனான்,
எந்த ஊருக்கென்று எழுதாத உறைபோல
அடுத்த மேசைக்கு.

மிலுன்கா என்னிடம் என்னவோ கத்தினாள்.
அவள் உட்கார்ந்திருந்தது இடப்பக்கம்.
சிவப்பு இதயத்தை இரண்டாக உடைத்து
அவளுக்குப் பாதி நீட்டினேன்.
கண்ணாடி இருந்த பாதியை
மறந்துபோய் நான் கடித்துவிட்டேன்.