அறுபத்தொண்ணு

"ஏறுது. அறுபத்தொண்ணு ஆச்சு. பொறு."
செவ்வாய் ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு
ததேயு அனுப்பிய கடைசி வரி.
இன்று பதினாலாம் நாள்.

ஏறிக்கொண்டிருந்தது ஒரு வீடியோ.
ஏழு மாதமாகப் பாதிக் கூலி தரும் படகுக்காரன்,
அவன் பூட்டிவைத்த பாஸ்போர்ட்டுகள்,
எட்டுப் பேர் படுக்கும் தகர அறை,
பிலிப்பு அண்ணனின் வீங்கிய கால்,
எல்லாம் சேர்த்து ஆறு நிமிஷம்.
கலெக்டரிடம் காட்டு, மீன்துறையில் காட்டு என்றிருந்தார்.
அதற்குள் அந்த நாடு முழுவதையும்
ஒரு கை
திண்ணமாக அணைத்துவிட்டது,
படுக்கப் போகுமுன் விளக்கை அணைப்பது போல.

இங்கே குளச்சலில் நாலு கோடும் நிறைந்து நிற்கிறது.
சாளை என்ன விலைக்கு ஏலம் போனது என்று வருகிறது.
யாரோ ஆடுகிறார்கள். யாரோ முட்டைக்கறி வைக்கிறார்கள்.
நான் அனுப்பியவை மட்டும்
ஒற்றை டிக்கோடு கிடக்கின்றன.

சாப்பிட்டியளா.
ஜெனிஷாவுக்கு முன்பல் விழுந்துட்டு.
பல்லை எடுத்து வச்சிருக்கேன்.
ஏதாவது சொல்லுங்க.
சொல்லுங்க.
அடுத்ததை எழுதி அழித்துவிட்டேன்.

அந்தப் பாதிக் கூலியும் ஏஜெண்டின் போன் வழி வருவது.
"அங்க நெட் செத்தா இங்க காசு ஏது?" என்கிறான்.
வியாழன்தோறும் குழுக்கடன் வாங்க வருபவரின்
கருவிக்கு மட்டும் எப்போதும் டவர் கிடைக்கும்.
ஆயிரத்து எண்ணூற்று அறுபது.
கில்டா தாலிக்கொடியை வைத்துக் கட்டினாள்.
அஜிலாவுக்குப் பெண் பிறந்து ஐந்து நாள்,
பெயர் அப்பன் சொல்வதாக இருந்தது.
ஆஸ்பத்திரிச் சீட்டில்
இன்னும் 'அஜிலாவின் குழந்தை'.

துறைமுக வாசலில் ரொட்டி சுடும் ஒருத்தியைப் பற்றி
ததேயு சொல்லியிருக்கிறார்.
போனில் ஆர்டர் எடுத்து மூன்று பிள்ளைகளை வளர்க்கிறாளாம்,
மூத்தவன் ஊர்வலத்தில் போகிறானாம்.
அவள் பெயர் தெரியாது எனக்கு.
இருட்டு அவள் வீட்டுக்காக வந்தது.
அவள் மகனை யார் அடித்தாலும்
யாரும் பார்த்துவிடக் கூடாது என்று வந்தது.
நாங்கள் சும்மா அதன் ஓரத்தில் நின்றோம்.

கடல் கொண்டுபோனால்கூட
மூன்றாம் நாள் எங்காவது ஒரு கரையில் தள்ளும்.
தேடப் போக ஒரு திசை இருக்கும்.

திங்கட்கிழமை நாகர்கோவிலில் வரிசையில் நின்றோம்,
பத்தொன்பது பெண்கள்.
"ஆதாரம் இருக்கா?"
"இருக்கு சார். அறுபத்தொண்ணு வரைக்கும்."
அவர் பேனா நின்றது.
"மீதி?"
என்ன சொல்ல. கையால் மேற்கே காட்டினேன்.
படி இறங்குவதற்குள் எனக்குக் குறுஞ்செய்தி வந்தது,
தங்கள் மனு பெறப்பட்டது.

திரும்பும் பேருந்தில்
பக்கத்து இருக்கைப் பிள்ளை கல்லூரி விண்ணப்பத்துக்கு
ஏதோ சான்றிதழ் ஏற்றிக்கொண்டிருந்தாள்.
வில்லுக்குறி தாண்டியும் வட்டம் சுற்றியபடி இருக்க
"ச்சே" என்று போனை மடியில் போட்டாள்.

"பொறு மக்ளே" என்றேன்.
பிறகு, கேட்காமல் இருக்க முடியவில்லை,
"எவ்வளவு ஆச்சு?"
அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.