சாண் என்ன, முழம் என்ன

நாள்காட்டியில் மார்ச் பதினான்கைச் சுற்றி இரண்டு வட்டம்.
சிவப்பு, வெல்டா ஸ்டைரன் போட்டது.
நீலம், அவள் கணவர் ஆர்மண்ட்.
அன்றோடு வீட்டுக்கடன் தீர்கிறது.
இனி வெள்ளக் காப்பீடு எடுத்தே ஆகவேண்டும் என்று
எந்த வங்கியும் கடிதம் போடாது.
விட்டுவிடலாம் என்கிறது நீலம்.
சிவப்பு ஒன்றும் சொல்லாமல்
அளந்து பார்க்க என்னைக் கூப்பிட்டிருக்கிறது.

வடக்குக் கரோலினாவின் கிழக்கு விளிம்பு.
பாதிக் கவுண்டி சதுப்பு,
மீதி எப்போது சதுப்பாகும் என்று
வண்ணம் பூசிக் காட்டும் வரைபடம்.
புதிதாக வந்ததில் கோடு
இவர்கள் சமையலறை வழியாகப் போகிறது.
அடுப்புக்கு ஆபத்து, கட்டில் பத்திரம்.
"கட்டிலில் சமைத்துவிட்டுப் போகிறோம்"
சிரிக்கிறார் ஆர்மண்ட்.
ஒரு மூலையைத் தொட்டாலும்
வீடு முழுக்க உள்ளேதான் என்று விதியைச் சொல்கிறேன்.
சிரிப்பை முடிக்காமலே
அவர் படகு மோட்டாரைத் துடைக்கப் போய்விட்டார்.

முக்காலி ஊன்றி மட்டம் பார்க்கிறேன்.
அளவுகோலை வெல்டாவே பிடித்துக்கொள்கிறாள்.
நண்டுச்சதை பிரிக்கும் ஆலையில்
இருபது வருடம் நின்ற கால்கள், ஆடவில்லை.
வரக்கூடிய வெள்ளம் ஒன்பதடி.
வீட்டின் தரை எட்டடி மூன்றங்குலம்.
குறைவது சரியாக ஒரு சாண்.

தலைக்குமேல் வெள்ளம் போனால்
சாண் என்ன, முழம் என்ன என்பார்கள்.
சொன்னவர்கள் பிரீமியம் கட்டியவர்கள் அல்ல.
சாணுக்கு ஒரு விலை,
முழத்துக்கு வேறு விலை.

வருடத்துக்கு எவ்வளவு வரும் என்றதும்
"ஒன்பது என்றே எழுதிவிடேன்" என்கிறாள்
பக்கத்து வீட்டில் உப்புக் கேட்கிற குரலில்.
என் முத்திரை பைக்குள் இருக்கிறது.
இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.
எட்டடி மூன்று.

ஆர்மண்ட் திரும்பி வந்து பாயைப் புரட்டுகிறார்.
பைன் பலகையில் ஒரு துளை,
நாலு விரல் நுழையும்,
மரக்கட்டை செருகி அடைத்திருக்கிறது.
அவர் பிறக்குமுன் வந்த ஒரு புயலில்
வீடு தூண்களை விட்டு மிதக்கத் தொடங்கியபோது
அவர் அப்பா கோடரியால் போட்டது.
வெள்ளத்தை உள்ளே விட்டார்கள்.
அந்தக் கனத்தில் வீடு உட்கார்ந்தது.
விடியும்வரை எல்லாரும் மேசைமேல்,
இரண்டு கோழிகள் உட்பட.

என் படிவத்திலும் ஒரு கட்டம் உண்டு:
வெள்ளத் திறப்புகள் எத்தனை?
அஸ்திவாரச் சுவரில், மண்ணிலிருந்து ஓரடிக்குள்,
சதுர அடிக்கு ஒரு சதுர அங்குலம்.
யோசனை அதே யோசனைதான்,
வந்துவிட்டுப் போகட்டும், மோதி உடைக்க வேண்டாம்.
ஆனால் துளை இருக்கும் இடம் தவறு.
திறப்புகள்: பூஜ்யம்.

எழுதியபின் மண்டியிட்டுக்
கட்டையைத் திருகிப் பார்த்தேன்.
நேற்று எண்ணெய் போட்டதுபோல் கழன்று வந்தது.
"யார் எண்ணெய் போடுகிறீர்கள்?"
ஆர்மண்ட் வெல்டாவைப் பார்த்தார்.
வெல்டா ஆர்மண்டை.

கிளம்பும்போது சாலை இல்லை.
மழை பெய்யவில்லை, காற்றும் இல்லை;
முழுநிலவு நாளின் ஓதம்
சாக்கடை வழியே ஏறி வந்து
என் வண்டிச் சக்கரத்தைப் பாதிவரை விழுங்கியிருந்தது.
ஒரு சிறு மீன் மஞ்சள் கோட்டின்மேல் நீந்துகிறது.
வடிய இரண்டு மணி நேரம் ஆகும் என்று
ரப்பர் பூட்ஸில் வந்து காப்பி கொடுத்தாள் வெல்டா,
காப்பீடு பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

வண்டிக்குள் உட்கார்ந்து
மிச்சக் கட்டங்களை நிரப்பினேன்.
அளந்த தேதி. அளந்தவர் பெயர்.
அளந்தபோது வானிலை:
தெளிவு.